மைலேஜா... பெர்ஃபாமன்ஸா? மிட்சைஸ் செடான் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

மிட்சைஸ் செடான் வாங்கலாம் என்று முடிவெடுத்த வீட்டில் அடுத்த விவாதம் இதுதான். "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று ஒருவர் கேட்பார். "டர்போ எடுக்கலாம், இழுவை சூப்பரா இருக்கும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் போட்டு, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் இஎம்ஐ கட்டப்போகும் காரை, மைலேஜ் எண்ணை மட்டும் பார்த்தோ பவரை மட்டும் பார்த்தோ எடுத்தால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

இரண்டையும் எப்படி எடை போடுவது? எளிமையா பார்க்கலாம்.

இந்தக் குழப்பம் ஏன் இப்போ அதிகம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு இதற்குச் சுலபமான பதில் இருந்தது: டீசல். இழுவையும் உண்டு, மைலேஜும் உண்டு. ஹோண்டா சிட்டி டீசல் லிட்டருக்கு 24.1 கி.மீ. தரும் என்றும், ஹூண்டாய் வெர்னா டீசல் மேனுவல் 25 கி.மீ. தரும் என்றும் நிறுவனங்கள் அறிவித்திருந்தன.

மாருதி சியாஸ் 2020-லேயே டீசலைக் கைவிட்டது. 2023 ஏப்ரல் 1-ம் தேதி பிஎஸ்-6 விதிகளின் இரண்டாம் கட்டம் அமலுக்கு வந்த சமயத்தில் சிட்டி, வெர்னா டீசல்களும் நின்றுபோயின. 2025-ல் சியாஸ் காரே விற்பனையிலிருந்து விடைபெற்றது.

டீசல் போன பிறகு மூன்று வகைகள் மிஞ்சின: சாதாரண பெட்ரோல், டர்போ பெட்ரோல், ஹைபிரிட். மூன்றுக்கும் குணம் வேறு வேறு.

வரியிலும் மைலேஜ் காருக்குத் தனிச் சலுகை கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 18% ஜிஎஸ்டி. சுமார் 4.5 மீட்டர் நீளமுள்ள மிட்சைஸ் செடான்களுக்கு 40%. ஹைபிரிட் சிட்டிக்கும் அதே 40% தான்.

ஷோரூம்ல சொல்ற மைலேஜ் எப்படி வருது?

புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அமைப்புகள் சான்றளிக்கும் மைலேஜைத்தான் விளம்பரத்தில் பார்க்கிறோம். இந்தச் சோதனை ரோட்டில் நடப்பதில்லை. ஆய்வகத்தில், சுழலும் உருளைகள் மேல் காரின் சக்கரங்களை நிறுத்தி, குறிப்பிட்ட முறைப்படி ஓட்டுவார்கள். சுமார் 20 நிமிடம் நடக்கும் இந்த ஓட்டத்தில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. தான். ஏசி அணைத்திருக்கும்.

நம்ம ஊர் மே மாத வெயிலில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? கத்திபாரா மேம்பாலத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போகும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்த எண்ணை உங்களுக்குக் கிடைக்கும் மைலேஜ் என்று நினைக்காதீர்கள். ஒரே பரீட்சையில் எந்த கார் எவ்வளவு மார்க் வாங்கியது என்று ஒப்பிட மட்டும் அது உதவும்.

இன்னொரு விஷயம், எத்தனால். இப்போது பங்குகளில் 20% எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே பழைய மைலேஜ் எண்களோடு இன்றைய பயன்பாட்டை ஒப்பிட்டால் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

எண்கள் சொல்லும் ஆச்சரியம்

இந்தத் தலைமுறை கார்கள் அறிமுகமானபோது நிறுவனங்கள் சொன்ன விவரம் இது:

• ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல்: 121 பிஎஸ் பவர். மேனுவல் 17.8 கி.மீ., சிவிடி ஆட்டோமேட்டிக் 18.4 கி.மீ.
• ஹூண்டாய் வெர்னா 1.5 பெட்ரோல்: 115 பிஎஸ். மேனுவல் 18.6 கி.மீ., ஆட்டோமேட்டிக் 19.6 கி.மீ.
• ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ: 160 பிஎஸ். மேனுவல் 20 கி.மீ., ஆட்டோமேட்டிக் 20.6 கி.மீ.
• ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.0 டர்போ: 115 பிஎஸ். மேனுவல் 19.4 கி.மீ., ஆட்டோமேட்டிக் 18.12 கி.மீ.
• ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5 டர்போ: 150 பிஎஸ். ஆட்டோமேட்டிக் 18.67 கி.மீ.
• ஹோண்டா சிட்டி ஹைபிரிட்: 126 பிஎஸ். 26.5 கி.மீ.

கவனிச்சீங்களா? 160 பிஎஸ் வெர்னா டர்போ, 115 பிஎஸ் சாதாரண வெர்னாவைவிட அதிக மைலேஜ் காட்டுகிறது! விர்டஸிலும் 1.0 ஆட்டோமேட்டிக்கைவிட 1.5 ஆட்டோமேட்டிக் அரை கிலோமீட்டர் முன்னே நிற்கிறது. 'பவர் கூடினால் மைலேஜ் குறையும்' என்ற பழைய கணக்கு பேப்பரில் தலைகீழாகிவிட்டது.

காரணம், டர்போ இன்ஜின் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். மெதுவாக, சீராக ஓட்டினால் டர்போவுக்குப் பெரிதாக வேலை இருக்காது. பெட்ரோலும் குறைவாகச் செலவாகும். விர்டஸ் 1.5-ல் அந்த நேரத்தில் நான்கு சிலிண்டர்களில் இரண்டு தானாகவே ஓய்வெடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆய்வகச் சோதனை பெரும்பாலும் இப்படி நிதானமான ஓட்டம்தான்.

ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூடுதலாகப் பாயும். அதனால் டர்போ காரின் மைலேஜ் ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது. ஒரே கார், ஒரே ரோடு, அண்ணன் ஓட்டினால் ஒரு மைலேஜ், தம்பி ஓட்டினால் வேறு மைலேஜ். சாதாரண பெட்ரோல் காரில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு.

ரூபாயில் எவ்வளவு வித்தியாசம்?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் எவ்வளவு பெட்ரோல் தேவை என்று பாருங்கள்:

• லிட்டருக்கு 10 கி.மீ. என்றால் 100 லிட்டர்
• 12 கி.மீ. என்றால் 83 லிட்டர்
• 15 கி.மீ. என்றால் 67 லிட்டர்
• 18 கி.மீ. என்றால் 56 லிட்டர்
• 20 கி.மீ. என்றால் 50 லிட்டர்

10-லிருந்து 12 ஆனால் 17 லிட்டர் மிச்சம். அதே 2 கி.மீ. வித்தியாசம் 18-லிருந்து 20 ஆகும்போது 6 லிட்டர்தான் மிச்சம். மைலேஜ் குறைவாக இருக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பு அதிகம். அதாவது நெடுஞ்சாலை மைலேஜைவிட, சிட்டி டிராஃபிக்கில் கிடைக்கும் மைலேஜ்தான் உங்கள் பர்ஸைத் தீர்மானிக்கும்.

லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் ஒரு கார் 12 கி.மீ., இன்னொன்று 15 கி.மீ. கொடுத்தால், 1,000 கி.மீ.க்கு சுமார் 1,670 ரூபாய் வித்தியாசம். வருடத்துக்கு 20,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சம். இது பெரிய தொகைதான். ஆனால் நீங்கள் மாதம் 400 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் என்றால் வருடத்துக்கு 8,000 ரூபாய்தான். அதற்காகப் பிடிக்காத காரை எடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஹைபிரிட் எடுத்தா லாபமா?

சிட்டி ஹைபிரிட், குறைந்த வேகத்தில் பெரும்பாலும் மின் மோட்டாரில் ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். நின்று நின்று போகும் டிராஃபிக் மற்ற கார்களுக்கு எதிரி. ஹைபிரிடுக்கோ அதுதான் சொந்த ஊர். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது இன்ஜினே நேரடியாக சக்கரத்தைச் சுழற்றுவதால் அங்கே இந்த லாபம் சுருங்கிவிடும்.

ஒரு கணக்கு: ஹைபிரிடுக்கு 4 லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்று வைப்போம். சிட்டிக்குள் சாதாரண கார் 12 கி.மீ., ஹைபிரிட் 20 கி.மீ. கொடுத்தால், 1,000 கி.மீ.க்கு 3,300 ரூபாய் மிச்சம். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் அந்த 4 லட்சத்தை மீட்க பத்து வருடம் ஆகும். 2,000 கி.மீ. ஓடினால் ஐந்தே வருடம். பேட்டரி பின்பக்கம் இருப்பதால் டிக்கியில் இடமும் குறையும். ஏர்போர்ட்டுக்கு நாலு பெட்டியோடு போகும் குடும்பம் இதையும் பார்க்க வேண்டும்.

பெர்ஃபாமன்ஸ்னா வேகம் மட்டும்தானா?

இல்லை. 'எனக்கு எதுக்கு பவர், நான் 80-க்கு மேல போறதே இல்லை' என்று சொல்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இருவழிச் சாலையில் முன்னால் கரும்பு லாரி. எதிரே தூரத்தில் பஸ். ஓவர்டேக் செய்ய எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அங்கே பாதுகாப்பு. எதிர்த் திசை லேனில் நீங்கள் இருக்கும் நேரம் குறையக் குறைய ஆபத்தும் குறையும்.

இந்த இடத்தில் பவரைவிட டார்க் முக்கியம். டார்க் என்றால் இழுவை விசை. சிட்டி பெட்ரோலின் உச்ச டார்க் 145 நியூட்டன் மீட்டர், அது இன்ஜின் 4,300 சுற்றுகளைத் தொடும்போதுதான் கிடைக்கும். விர்டஸ் 1.0 டர்போவில் 178, அதுவும் 1,750 சுற்றுகளிலேயே. விர்டஸ் 1.5-ல் 250, வெர்னா டர்போவில் 253.

அதாவது சாதாரண பெட்ரோல் காரில் ஓவர்டேக் செய்ய கியரைக் குறைத்து, இன்ஜினை அலற விட வேண்டும். டர்போவில் லேசாக அழுத்தினால் போதும். ஐந்து பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஏசியோடு கொடைக்கானல் மலை ஏறும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் சாதாரண இன்ஜினைத் தொடர்ந்து விரட்டினால் அதன் மைலேஜும் சரியும்.

மறுபக்கமும் உண்டு. பவர் இருக்கிறதே என்று வேகம் கூட்டினால் மைலேஜ் போய்விடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் 25% தான் கூடுகிறது, காற்று எதிர்ப்போ 56% கூடிவிடும்.

அப்போ யாருக்கு எது?

மாதம் 500 கி.மீ.க்குள் ஓட்டுபவர்: மைலேஜ் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. சீட், சர்வீஸ் சென்டர் தூரம், பாதுகாப்பு அம்சங்கள், ஓட்டும் சுகம் இவற்றைப் பார்த்து எடுங்கள்.

தினமும் சிட்டி டிராஃபிக்கில் ஆபீஸ் போய் வருபவர்: சாதாரண பெட்ரோலில் சிவிடி வகை ஆட்டோமேட்டிக் நிதானமான தேர்வு. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கடும் நெரிசலில் சூடாக வாய்ப்புண்டு. டெஸ்ட் டிரைவில் கட்டாயம் ஊர்ந்து பாருங்கள்.

சிட்டிக்குள்ளேயே மாதம் 2,000 கி.மீ. ஓட்டுபவர்: ஹைபிரிட் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வாராவாரம் சென்னையிலிருந்து திருச்சி, மதுரை என்று ஊருக்குப் போகும் குடும்பம்: டர்போ பொருந்தும். 80, 90-ல் சீராகப் போனால் மைலேஜும் கையைக் கடிக்காது.

இரண்டும் வேண்டும், பட்ஜெட்டும் முக்கியம் என்பவர்: 1.0 டர்போ மேனுவல் ஒரு நடுவழி. 1000 சிசிக்குள் இருப்பதால் இன்சூரன்ஸிலும் சின்ன லாபம் உண்டு. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீடு 1000 சிசி வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய்.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்கணும்?

• தனியாகப் போகாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு ஓட்டுங்கள். ஆள் ஏறினால்தான் இன்ஜினின் உண்மையான பலம் தெரியும்.
• ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். 40-லிருந்து 80-க்கு எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று கவனியுங்கள்.
• பத்து நிமிடமாவது நெரிசலில் ஊர்ந்து செல்லுங்கள்.
• அதே காரை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் ஃபுல் டேங்க் கணக்கு கேளுங்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் நிஜ மைலேஜ். டிஸ்பிளேயில் காட்டுவது சில நேரம் கூடுதலாக இருக்கும்.

மாதம் எத்தனை கி.மீ., அதில் சிட்டி எவ்வளவு, ஹைவே எவ்வளவு, காரில் வழக்கமாக எத்தனை பேர்? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். இரண்டு கார்களுக்கும் மாத பெட்ரோல் செலவு வித்தியாசத்தை 60 மாதத்தால் பெருக்கி, விலை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். மிச்சமாகும் தொகை விலை வித்தியாசத்தைத் தாண்டினால் மைலேஜ் காரை எடுங்கள். தாண்டவில்லை என்றால், ஓவர்டேக் செய்யும்போது நம்பிக்கை தரும் காரை எடுப்பதில் தப்பே இல்லை.