கனடாக்காரர் அரட்டையில் ஒரு 'ஏய்'

கனடாக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து காபி குடித்தால் என்ன பேசுவார்கள்? முதலில் வானிலை. அது இல்லாமல் எந்தப் பேச்சும் ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் செய்தி: தேர்தல், வரி, ஹாக்கி. அதற்குள் யாராவது சொந்தக் கதையை எடுப்பார்கள். மகளுக்குப் பட்டமளிப்பு, அம்மாவுக்கு 90 வயசு, வீட்டுக் கடன் ஒரு வழியாக முடிந்தது.

"உலகத்துல எல்லாரும் இதைத்தானே பேசறாங்க?" என்று கேட்பீர்கள். விஷயத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. பேச்சைக் கோர்க்கிற நூலில்தான் இருக்கிறது. டொராண்டோ, கால்கரி இரண்டு ஊர் ஆட்களோடும் பல வருடமாக வேலை பார்க்கிறேன். நமக்கு மாலை ஏழரை, அவர்களுக்குக் காலை. மீட்டிங் தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிட அரட்டையில்தான் அந்தக் குட்டிச் சொல்லைக் கவனிக்க ஆரம்பித்தேன். வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும்: 'ஏய்?'

நாம் தெருவில் யாரையோ அதட்டிக் கூப்பிடும் 'ஏய்' இல்லை இது. பெரும்பாலும் மெல்லக் குரலை உயர்த்தி, கேள்வி மாதிரி விடுவது. "நல்ல வெயில், ஏய்?", "என்ன மேட்ச், ஏய்!", "தேங்க்ஸ், ஏய்."

இந்தச் சொல் கனடாவில் பிறந்தது என்று நினைத்தால் தப்பு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து நாடகங்களிலேயே இருக்கிறது. நியூசிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் தாராளமாகப் புழங்குகிறார்கள். வால்டர் ஏவிஸ் என்ற மொழியியலாளர் 1972ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். 'ஏய்' கனடாவின் தனிச்சொத்து அல்ல என்பதுதான் அதன் சாரம். ஆனால் 1959லேயே அமெரிக்க ஆய்வாளர் ஹரால்ட் ஆலன் வேறு மாதிரி எழுதியிருந்தார்: எல்லையில் இருக்கும் குடிவரவு அதிகாரிகள் இந்தச் சொல்லை வைத்தே கனடாக்காரரை அடையாளம் காண்கிறார்களாம். பிறந்தது எங்கேயோ, பெயர் வாங்கியது இங்கே.

அதைத் தேசியச் சின்னமாக்கிய கதை இன்னும் வேடிக்கை. 'எஸ்சிடிவி' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி 1980ல் சிபிசி தொலைக்காட்சிக்குப் போனபோது, கனடா ஒளிபரப்பில் கூடுதலாக இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தையும் 'கனடாத்தனமாக' எதையாவது வைத்து நிரப்பச் சொன்னார்கள். கடுப்பான ரிக் மொரானிஸும் டேவ் தாமஸும், குளிர்க் குல்லாய், பீர், வாக்கியத்துக்கு ஒரு 'ஏய்' என்று பாப், டக் என்ற இரண்டு அசடுகளைக் கிண்டலுக்காக உருவாக்கினார்கள். கிண்டலே பிய்த்துக்கொண்டு ஓடியது. இசைத்தட்டு, 1983ல் சினிமா, அப்புறம் டீ-ஷர்ட், காபி கோப்பை எல்லாம் வந்தன. மேலிடம் கேட்டதே என்று வேண்டாவெறுப்பாகச் செய்த ஃபீச்சர் ஹிட் ஆவதை நம் துறையிலும் பார்த்திருக்கிறோம்!

சரி, இந்தச் சொல் உள்ளே என்ன வேலை செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது, 'ஏய்' பற்றியே பேசாத ஒரு புத்தகம். வில்லியம் லபோவும் டேவிட் ஃபான்ஷெலும் 1977ல் வெளியிட்டது. ஒரு மனநல சிகிச்சை உரையாடலில் வெறும் கால் மணி நேரத்தை எடுத்து, வரி வரியாகப் பிரித்து மேய்ந்திருப்பார்கள். அதில் ஒரு எளிய பாகுபாடு வருகிறது. பேசுபவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒரு வகை. கேட்பவருக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று. இருவருக்கும் தெரிந்தது, சர்ச்சைக்குரியது என்று வேறு வகைகளும் உண்டு. பேச்சு எப்படிப் போகும் என்பது, சொல்லப்படும் விஷயம் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

இப்போது நம் காபி மேசைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வானிலை இருவருக்கும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, அதில் தகவல் எதுவும் கிடையாது. "குளிருது, ஏய்?" என்றால் "நானும் இங்கேதான் இருக்கேன்" என்பதற்கு ஒப்புதல் கேட்பது. அவ்வளவுதான். செய்தி பெரும்பாலும் சர்ச்சை வகை. சொந்த வாழ்க்கை மைல்கல் முழுக்க முழுக்கப் பேசுபவருக்கு மட்டும் தெரிந்தது.

சுவாரசியம் இந்தக் கடைசி வகையில்தான். "நாளைக்கு எங்க அம்மாவுக்குத் தொண்ணூறு, இல்லையா?" என்று உங்களிடம் நான் கேட்டால் திருதிருவென்று முழிப்பீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் 'இஸின்ட் ஷி' போட்டாலும் அதே சிக்கல். ஆனால் "நாளைக்கு எங்க அம்மாவுக்குத் தொண்ணூறு, ஏய்" என்று கனடாவில் சொல்லலாம். அங்கே 'ஏய்' ஆமாம்-இல்லை கேட்கவில்லை. "இந்த இடத்துல நீ ஏதாவது சொல்லலாம்" என்று ஒரு காலியிடம் விடுகிறது. எதிராளி "அட, கவர்னர் ஜெனரல் வாழ்த்துக்கு எழுதிப் போட்டாச்சா?" என்பார். ஜோக் இல்லை, நிஜமாகவே 90 வயதுக்குக் கவர்னர் ஜெனரலிடமிருந்தும், 100 வயதுக்கு மன்னரிடமிருந்தும் வாழ்த்துச் செய்தி வாங்கலாம். தானாக வராது, முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் எலெய்ன் கோல்ட் இந்தச் சொல்லின் பத்து விதப் பயன்பாடுகளைப் பட்டியல் போட்டு, மாணவர்களிடம் எதை நீங்கள் பேசுவீர்கள் என்று கேட்டார். கருத்துச் சொல்லும்போது வருவதும், வியப்பில் வருவதும் பெருவாரியானவர்களுக்குச் சகஜம். கதை சொல்லும்போது வருவதற்குத்தான் மூக்கைச் சுளித்தார்கள். "ஒருத்தன் இருபத்தேழாவது மாடியில இருக்கான், ஏய், வெளிய விளிம்புல வந்து நிக்கறான், ஏய்..." என்கிற பாணி அது. படிக்காதவர் பேச்சு, கிராமத்துப் பேச்சு என்று ஒரு முத்திரை அதன்மேல் இருக்கிறது.

தமிழ் பேசுகிற நமக்கு இதில் விசித்திரம் ஒன்றும் தெரியாது. "கடைக்குப் போனேனா, அங்க ஒருத்தன் நின்னானா, என்னைப் பார்த்ததும் ஓடினானா..." அந்த 'ஆ' கேள்வியா? இல்லை. கேட்பவர் "ம்" கொட்டுவதற்கான இடைவெளி. நெட்வொர்க்கில் டிசிபி செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கொஞ்சம் தரவை அனுப்பு, வந்து சேர்ந்தது என்று அந்தப் பக்கம் ஒப்புதல் தரட்டும், மேலே அனுப்பு. முழுக்கதையையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டு, கடைசியில் "கேட்டியா?" என்றால் பாதி எங்கே தொலைந்தது என்றே தெரியாது.

சர்ச்சை வகைக்கு வருகிறேன். 2025 குளிர்காலம் அவர்களுக்குச் சாதாரணமானது இல்லை. கனடாவை 51வது மாநிலமாக்கலாம் என்று டிரம்ப் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 20ல் பாஸ்டனில் நடந்த நான்கு நாட்டு ஹாக்கி இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் கோல் அடித்து அமெரிக்காவை 3-2 என்று வென்றபோது, மறுநாள் எங்கள் மீட்டிங்கில் வேலையே நடக்கவில்லை. மார்ச் 4ல் 25% வரி அமலுக்கு வந்தது. எண்ணெய், எரிவாயுவுக்கு மட்டும் 10%. அன்றே ஒன்டாரியோ அரசு மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் நாடே ஒன்றாக நின்றது போலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. பதிலடியாக எண்ணெய் ஏற்றுமதியில் கை வைக்கலாமா என்பதில், எண்ணெய் வளமுள்ள ஆல்பர்ட்டாவின் முதல்வர் டேனியல் ஸ்மித் மற்ற மாகாண முதல்வர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட மறுத்தார். எங்கள் டீமிலும் அதே கோடு விழுந்தது. கால்கரிக்காரர் ஒருநாள், "எங்க எண்ணெய மட்டும் ஏன் ஆயுதமாக்கணும், ஏய்?" என்றார். டொராண்டோ பக்கம் மௌனம். கார் தொழிற்சாலைகள் இருப்பது ஒன்டாரியோவில், முதல் அடி அங்கேதான்.

பிறகு டொராண்டோக்காரர் பேசினார். "என் தம்பிக்கு இந்த மாசத்தோட இருபது வருஷம், ஏய், அந்த ஃபேக்டரியில. வீட்டுல கேக் வாங்கலாம்னு இருந்தோம். இப்ப ஒரு ஷிஃப்டை நிறுத்தப் போறாங்களாம், ஏய்." செய்தியும் சொந்த மைல்கல்லும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. வரி நியாயமா என்பது சர்ச்சை வகை. தம்பியின் இருபது வருடம் சர்ச்சை இல்லை, அது அவருக்கு மட்டும் தெரிந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. கால்கரிக்காரர் "யா" என்றார், கொஞ்சம் விட்டு, "தம்பி எத்தனை வயசு?" என்று கேட்டார். எண்ணெய் பற்றி இருவர் கருத்தும் மாறவில்லை. அடுத்த வாரமும் அதே வாக்குவாதம் வந்தது.

இதைப் பார்த்து "கனடாக்காரர்கள் ரொம்ப மரியாதையானவர்கள், அதனால்தான் ஏய்" என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோல்டின் பட்டியலிலேயே வசைக்கும் குற்றச்சாட்டுக்கும் வருகிற 'ஏய்' இருக்கிறது. "கடைசித் துண்டை நீதான் எடுத்தே, ஏய்?" என்பதில் என்ன மரியாதை? அது கேட்பவரையும் பேச்சுக்குள் இழுக்கிறது. இழுப்பது அன்பாகவும் இருக்கலாம், சட்டையைப் பிடித்தும் இருக்கலாம்.

இன்னொன்று, டீ-ஷர்ட்டில் இருக்கிற அளவுக்கு வாயில் இல்லை. டெரிக் டெனிஸும் சாலி டாக்லியமோன்டேவும் 2016ல் வெளியிட்ட ஆய்வில், தெற்கு ஒன்டாரியோ பேச்சில் வாக்கிய இறுதியில் வளர்ந்துகொண்டிருப்பது 'ரைட்?'. 'ஏய்' குறைவாகத்தான் வருகிறது. என் டீமில் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 'ரைட்' கோஷ்டிதான். 'ஏய்' சொன்னால் சிரித்துக்கொண்டே, வேண்டுமென்று சொல்கிறார்கள்.

ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்கார்பரோ பக்கம் போனால் வேறொரு வால் காதில் விழும். "நல்ல குளிர், என்ன?", "பிள்ளை வடிவா வளர்ந்திட்டாள், என்ன?" யாழ்ப்பாணத்திலிருந்து வந்த 'என்ன' அது. 'ஏய்' உட்கார்கிற அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வேலையைப் பார்க்கிறது. அந்த வீடுகளின் பிள்ளைகள் அம்மாவிடம் 'என்ன'வும் பள்ளித் தோழர்களிடம் 'ரைட்'டும் சொல்லி வளர்கிறார்கள்.