அப்பாவுக்கு வந்தது, அண்ணனுக்கு வந்தது... எனக்கும் வருமா?

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுப் பெரியவர் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டு இருந்தார். "ஐயோ, தலை!" என்று அலறினார். வாந்தி எடுத்தார். அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. "மூளையில் நரம்பு வெடித்துவிட்டதாம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சில வருஷம் சென்றது. மூத்த மகனுக்கும் அதே தலைவலி! இந்தத் தடவை உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டான்.

இப்போது அவன் தங்கைக்குப் பயம்.

"அம்மா, அப்பாவுக்கு வந்தது. அண்ணனுக்கும் வந்தது. எனக்கும் வருமா?"

"வாயை மூடுடி! வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என்ன பேச்சு இது?" என்கிறாள் தாய்.

மகள் கேட்டது சரியான கேள்வி. அம்மாதான் தவறு.

சைக்கிள் டியூப்

"நரம்பு வெடித்தது" என்று நாம் சொல்வது பழக்கம். உண்மையில் வெடிப்பது நரம்பு அல்ல, ரத்தக் குழாய்.

சைக்கிள் டியூபில் ஒரு இடம் மெலிந்துபோனால் என்ன ஆகும்? காற்று அடிக்கும்போது அந்த இடம் மட்டும் குமிழ் போலப் புடைக்கும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயிலும் இப்படிப் புடைப்பது உண்டு. பெரும்பாலும் குழாய் கிளை பிரியும் இடத்தில்தான் புடைக்கும். இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'அனியூரிசம்'.

பெரியவர்கள் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இந்தக் குமிழ் இருக்கிறது. பயப்படாதீர்கள்! இவற்றில் பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. வெடித்தால்தான் ஆபத்து. அப்படி வெடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பது இல்லை.

ஆற்றுக்கு அக்கரையில்

சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர்களுக்காக 1734-ல் உண்டான பேட்டை. கூவம் ஆற்றின் வளைவுக்குள் இருக்கிறது. ஆற்றைத் தாண்டிப் போனால் சென்னை பெரிய ஆஸ்பத்திரி.

அங்கேதான் 1950-ல் டாக்டர் பி.ராமமூர்த்தி மூளை ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார். அப்போது ஸ்கேன் கிடையாது. கழுத்து ரத்தக் குழாயில் ஊசி போட்டு, மருந்தைச் செலுத்தி, எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். போர்ச்சுகல் நாட்டு டாக்டர் மோனிஸ் 1927-ல் கண்டுபிடித்த முறை அது. குமிழின் கழுத்தில் சின்னக் கிளிப் மாட்டி அடைக்கும் ஆபரேஷனை 1937-ல் அமெரிக்க டாக்டர் டாண்டி செய்துகாட்டினார்.

இந்தியாவில் இந்த நோய் எவ்வளவு பேருக்கு வருகிறது என்று 1969-ல் ராமமூர்த்தி ஒரு கட்டுரை எழுதினார். மேல்நாட்டைவிட இங்கே குறைவாகவே தெரிந்தது. நோயே குறைவா? அல்லது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் குறைவா? ஸ்கேன் வந்த பிறகு இங்கேயும் நிறையப் பேருக்குத் தெரியவந்தது. வீட்டிலேயே இறந்தவர்களை யார் கணக்கு எடுத்தார்கள்? "காற்று கருப்பு அடித்துவிட்டது" என்று சொல்லி முடித்துவிட்டோம்!

பரம்பரையா?

சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. ஆனால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பது இல்லை.

ரத்தக் கொதிப்பும் பீடி, சிகரெட்டும் குமிழை வளர்க்கும், வெடிக்கவும் வைக்கும். அப்பாவின் ரத்தம் மட்டுமா பிள்ளைக்கு வருகிறது? அப்பாவின் சிகரெட் பழக்கமும், வீட்டு ஊறுகாய் ஜாடியும் சேர்ந்துதான் வருகின்றன!

இன்னொரு விஷயம். சிறுநீரகம் முழுவதும் நீர்க்கட்டிகள் நிறையும் ஒரு பரம்பரை நோய் உண்டு. தாய், தந்தையரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த நோய் உள்ளவர்களுக்கு மூளைக் குமிழும் அதிகம். அவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

விரல் விட்டு எண்ணுங்கள்

தாய், தந்தை, உடன்பிறந்தவர், பெற்ற பிள்ளை. இவர்களில் எத்தனை பேருக்கு வந்தது?

ஒருவர் என்றால், பொதுவாக ஸ்கேன் வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகையை விடுங்கள்.

இரண்டு பேர் என்றால், தள்ளிப்போடாமல் போய்க் கேளுங்கள். நாம் சொன்ன வீட்டுப் பெண்ணுக்குக் கணக்கு இரண்டு!

மாமியாருக்கு வந்தது மருமகள் கணக்கில் சேராது. ஆனால் நம் ஊரில் மாமியாரே சொந்த அத்தையாகவும் இருப்பாரே! அப்படியானால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குமிழ் தெரியும். பெரும்பாலும் ஊசிகூட இல்லை. கடகடவென்று சத்தம் போடும் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று குமிழ் இல்லை என்றால் என்றைக்கும் இல்லை என்று அர்த்தம் அல்ல. இரண்டு பேருக்கு வந்த குடும்பத்தில் 5 முதல் 7 வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்கச் சொல்வார்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பொதுவாக வேண்டியது இல்லை.

'எல்லோருக்கும் எடுத்துவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். வேண்டாம். வெடிக்காத சின்னக் குமிழைக் கண்டுபிடித்துவிட்டுத் தூக்கம் இழந்தவர்கள் உண்டு. ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. அதனால் பல குமிழ்களை டாக்டர்கள் தொடாமல், அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்து மட்டும் வருகிறார்கள்.

காத்திருக்கக் கூடாது

இடி விழுந்தது போல நொடியில் வரும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம். தைலம் தேடாதீர்கள். 108-ஐ கூப்பிடுங்கள். ஒரு கண் இமை திடீரென்று தொங்கினாலும், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெடிக்கும் முன் குமிழ் காட்டும் அடையாளமாக அது இருக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது? "நரம்பு வெடித்தது" என்ற பேச்சு போதாது. அண்ணனின் ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன் படம், அப்பா இறந்த வயது. சிந்தாதிரிப்பேட்டை அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் அந்தக் காகிதங்கள் கிடக்கும். முதலில் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.