ஒழுகுகிற குழாய் உறிஞ்சவும் செய்யும்

ஹைதராபாத்தில் குடிநீர் வாரியத்தின் தண்ணீர் வருகிறது என்பதை முதலில் காதுதான் சொல்லும். திறந்து வைத்த குழாய் இரண்டு முறை இருமும், கொஞ்ச நேரம் ஊதும், செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பும், பிறகுதான் தண்ணீர். கிருஷ்ணாவிலிருந்து வந்தாலும் கோதாவரியிலிருந்து வந்தாலும் பழைய பழக்கத்தில் மஞ்சீரா ஆற்றின் பெயரால் 'மஞ்சீரா தண்ணி' என்றே பலர் அழைக்கும் அந்தத் தண்ணீர், பல பகுதிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில மணி நேரம் மட்டும் வருகிறது. குழாய் ஊதும்போது மீட்டர் சுற்றுகிறதே, காற்றுக்கும் காசா என்று சண்டை போடுகிறோம். அந்தக் காற்று குழாய்க்குள் எப்போது, எந்த வழியாகப் போனது என்று மட்டும் கேட்பதில்லை. தண்ணீர் நின்றதும் மேட்டில் இருக்கும் குழாயில் உள்ளதெல்லாம் பள்ளத்து வீடுகளை நோக்கி வடியும். வடியும்போது பின்னால் ஒரு வெற்றிடம் விழும். கிடைத்த ஓட்டை வழியாக எதையாவது இழுத்துத்தான் அந்த வெற்றிடம் நிரம்பும். உங்கள் தோட்டத்தில் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருக்கும் குழாய் அப்படிப்பட்ட ஓட்டைகளில் ஒன்று.

ஒழுகும் குழாயைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய அறிவுரை சிக்கனம் பற்றியது. கணக்குப் போட்டால் அந்த அறிவுரை நிற்பதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்தால் நாளுக்கு நாலேகால் லிட்டர், மாதத்துக்குச் சுமார் 130 லிட்டர். 2021 ஜனவரியிலிருந்து மீட்டர் பொருத்திய வீட்டு இணைப்புகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை என்றான ஊரில், 130 லிட்டருக்காக யார் பிளம்பரைத் தேடுவார்? சொட்டுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அந்த வாளியில்தான் என் கவலை. நகரத்துக்கு நாளெல்லாம் தண்ணீர் வந்தால் ஒழுகும் குழாய் வெறும் நஷ்டம். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் நகரத்தில் அது நோய்க்கான வாசல். சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து அதைச் சுகாதாரக் கணக்கில் எழுத வேண்டும்.

குழாயில் தண்ணீர் திரும்பி ஓடுவதைப் பின்னோட்டம் என்கிறோம். அது இரண்டு விதமாக நேரும். வாரியக் குழாயில் அழுத்தம் விழுந்து, வெளியே இருப்பது உள்ளே உறிஞ்சப்படுவது ஒன்று. வீட்டுப் பக்கம் மோட்டாராலோ உயரத்துத் தொட்டியாலோ அழுத்தம் கூடி, வீட்டுத் தண்ணீர் வாரியக் குழாய்க்குள் தள்ளப்படுவது இன்னொன்று. போர்வெல் லைனையும் வாரிய லைனையும் ஒரே குழாயில் சேர்த்து நடுவே ஒரு வால்வு மட்டும் வைத்திருக்கும் வீடுகள் இரண்டாவது வகைக்கு அழைப்பு விடுப்பவை. அந்த வால்வு சரியாக மூடாத நாளில் போர்வெல் நீர் தெருவுக்கே போகும். முதல் வகைக்கு இந்த ஊரின் நில அமைப்பே துணை செய்கிறது. பஞ்சாரா ஹில்ஸிலிருந்து மூசி ஆற்றங்கரை வரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பாறை நிலம் இது. இதற்கு மேல் மோட்டார். முழு வெற்றிடம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரம் ஏற்றிவிடும். உரம் கரைத்த வாளியில் மூழ்கிக் கிடக்கும் ஓஸ் பைப்பிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக் குழாய்க்கு அந்தக் கரைசலை ஏற்ற, அதில் பத்தில் ஒரு பங்கு இழுவை போதும். பக்கத்து வீட்டார் வாரியக் குழாயில் நேராக மோட்டார் பூட்டி இழுத்தால் அந்த இழுவை எளிதில் கிடைத்துவிடும். 2025 ஏப்ரலில் வாரியம் இப்படிப்பட்ட மோட்டார்களைப் பறிமுதல் செய்து 5,000 ரூபாய் அபராதம் விதிக்கத் தொடங்கியபோது, அதைத் தண்ணீர்ப் பங்கீட்டுப் பிரச்சினையாகவே பலர் பார்த்தார்கள். மோட்டார் வைத்தவர் அடுத்த வீட்டின் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை, அடுத்த வீட்டு வாளியில் இருப்பதையும் சேர்த்து இழுக்கிறார்.

இது காகிதத்தில் போட்ட கணக்குதானே என்பவர்களுக்கு 1969இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலி கிராஸ் கல்லூரியில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியில் ஏறக்குறைய 90 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியது. இரண்டே ஆட்டங்களோடு அந்த ஆண்டின் பந்தயங்கள் ரத்தாயின. காரணத்தைத் தேடிப் போனவர்கள் வந்து நின்ற இடம், பயிற்சி மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நிலத்துக்குள் குழியில் பதித்திருந்த குழாய். தொற்று இருந்த குழந்தைகள் விளையாடிய இடத்து நீர் அந்தக் குழியில் தேங்கியிருந்தது. ஊரில் எங்கோ தீப்பிடித்து, தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை இழுக்க, குழாயில் அழுத்தம் விழுந்தது. குழிநீர் உள்ளே போனது. பிறகு வீரர்கள் குடித்தார்கள். இதைப் படிக்கும்போது நம் ஊரில் பஸ்திகள் எனப்படும் குடிசைப் பகுதிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. அழுத்தம் குறைந்த தெருக்களில் இரண்டடி குழி தோண்டி, அதற்குள் குழாயைத் தாழ்த்தி, குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள். மழை பெய்தால் குழி நிரம்பும், குழாயின் வாய் மூழ்கும், தண்ணீர் நிற்கும் நேரம் வரும். அமெரிக்காவில் ஒரு தீ விபத்து தற்செயலாகச் செய்ததை, இங்கே விநியோக அட்டவணை ஒவ்வொரு முறையும் செய்கிறது.

அப்படியானால் குற்றம் வாரியத்துடையதுதானே, வீட்டுக்காரரை ஏன் குறை சொல்கிறாய் என்ற கேள்வி நியாயமானது. 2009 மே மாதம் முஷீராபாத்தை அடுத்த போலக்பூரில் கழிவுநீர் கலந்த குடிநீரால் காலரா பரவி, உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அது யார் வீட்டுத் தோட்டக் குழாயாலும் நேர்ந்ததல்ல. சாக்கடையும் குடிநீரும் பக்கம் பக்கமாக ஓடும் தெருவில் பழைய குழாய்களைப் பராமரிக்க வேண்டியவர் குடியிருப்பவர் அல்ல. ஆனாலும் போலக்பூர் காட்டும் இயல்விதி வீட்டுக்கும் பொருந்தும்: அழுத்தம் இல்லாத குழாய்க்குப் பக்கத்தில் அழுக்கு இருந்தால், அது உள்ளே போக வழி தேடும். தெருக் குழாயின் ஓட்டையை வாரியம் அடைக்க வேண்டும். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் இருக்கும் ஓட்டையை வாரியம் வந்து அடைக்கப் போவதில்லை. ஒருவர் கடமையைச் செய்யவில்லை என்பது மற்றவருக்கு விடுமுறை ஆகாது.

குளோரின் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, தண்ணீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரினை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்கிறது. வழியில் சேரும் கிருமிகளுக்காக வைத்த சில்லறைப் பணம் அது. ஒரு வாளிச் சாணக் கரைசல் வந்தால் அதிலேயே செலவாகிவிடும். பூச்சிமருந்தை அது ஒன்றும் செய்யாது. இதைவிட வலுவான சமாதானம் சம்ப் என்னும் தரையடித் தொட்டி. "வாரியத் தண்ணீர் நேராகச் சம்ப்பில் விழுகிறது, தோட்டக் குழாயோ மாடித் தொட்டியிலிருந்து வருகிறது, பிறகு நகரத்துக்கு என்ன ஆபத்து?" விழுகிறது என்பது உண்மையானால் ஆபத்து இல்லைதான்; குழாய் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளியைவிட நம்பகமான காவல் வேறில்லை. குழாய் விட்டத்தின் இரு மடங்கு, அதுவும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி என்பது பிளம்பிங் கணக்கு. ஆனால் அழுத்தம் போதாத வீடுகளில் தண்ணீர் எளிதாக வரட்டும் என்று அந்தக் குழாயைச் சம்ப்பின் பாதி ஆழம் வரை இறக்கியிருப்பார்கள். சம்ப் நிரம்பினால் அதன் வாய் தண்ணீருக்குள். ஆபத்து நகரத்துக்கு இல்லாவிட்டாலும் வீட்டுக்கு உண்டு. மாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாய் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் பிரிந்தால், தொட்டி காலியாகும் நேரத்தில் வாளியில் கிடக்கும் ஓஸின் மறுமுனை சமையலறைதான்.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வாயில் சொட்டினால் வாஷர் போயிருக்கும். கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கசிந்தால் உள்ளே இருக்கும் கிளாண்ட் தளர்ந்திருக்கும். சுவரோரம் ஈரம் என்றால் மரைச் சேர்க்கை. முதல் இரண்டுக்கும் குழாயை மாற்ற வேண்டியதில்லை. உடல் அரித்துப்போன பழைய பிப்காக்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பித்தளையில், ஐ.எஸ். 781 முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்கலாம். கேட் வால்வை மூடி, எஞ்சிய தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு ஸ்பேனரால் சுவரோர எல்போவை அசையாமல் பிடித்து, மற்றொன்றால் குழாயைத் திருக வேண்டும். பிளாஸ்டிக் எல்போ விரிசல் விட்டுச் சுவரையே உடைக்க நேர்வது, ஒற்றை ஸ்பேனரால் திருகும் அவசரத்தில்தான். டெஃப்லான் டேப்பை மரையின் சுற்றுப் போக்கிலேயே சுற்ற வேண்டும். எதிர்ப்புறம் சுற்றினால் இறுக்கும்போது உரிந்துவிடும். பின்னோட்டத்தைத் தடுக்கும் பகுதியில்தான் பிளம்பர்கள் வழக்கமாக தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் ஓர் என்.ஆர்.வி. வால்வோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தேவைதான், போதுமானதல்ல. மணல் துகள் ஒன்று அதன் தகட்டில் சிக்கினால் பாதி திறந்தே கிடக்கும், வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. ஓஸ் மாட்டும் வாயில் திருகும் வாக்குவம் பிரேக்கர் என்ற சிறிய பித்தளைத் துண்டு இழுவை வந்ததும் காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறித்துவிடும். ஆனால் ஓஸின் நுனியில் ஸ்பிரே கன் மாட்டி, குழாயை நாள் முழுக்கத் திறந்து வைப்பவர்களுக்கு அது உதவாது. இடைவிடாத அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட சாதனம் அல்ல அது. காசில்லாத வழியும் உண்டு: வாரிய லைனில் ஓஸ் மாட்டும் குழாயே வைக்காமல், செடிக்குப் போர்வெல் அல்லது தனித் தொட்டி லைனைப் பயன்படுத்துவது. குழிக்குள் இருக்கும் குழாயைத் தரைக்கு மேல் உயர்த்துவதற்கு இணையான சாதனம் எந்தக் கடையிலும் இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர் இதையெல்லாம் ஏன் செலவழித்துச் செய்ய வேண்டும்? சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது: வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும், வாய்மொழி வேண்டாம். தெருவிலிருந்து வரும் தண்ணீரே நாறினால் பேச்சு வேறு. குடிநீர் உரிமையில் ஹைதராபாத்துக்குத் தனி இடம் உண்டு. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைக் காப்பது பற்றிய பேராசிரியர் நாயுடு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2000 டிசம்பரில் குடிநீர் பெறுவதை வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியது. அந்த உரிமையைக் கையில் எடுக்கும் வழிகள் எளிமையானவை. வாரியத்தின் 155313 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாராயணகுடாவில் உள்ள நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். 100 மில்லியில் ஈ கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். உங்கள் தெருவின் குளோரின் அளவுப் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அதற்கும் அசையாவிட்டால் நிரந்தர மக்கள் நீதிமன்றம். குடிநீர் விநியோகம் சட்டப்படி அதன் வரம்புக்குள் வரும் பொதுச் சேவை. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சமரசம் ஏற்படாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன் அங்கே போக வேண்டும் என்பது நிபந்தனை. இலவசத் தண்ணீரைப் பற்றிப் புகார் எப்படிச் செய்வது என்று தயங்குகிறவர்கள் உண்டு. கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததால் வாரியம் தரத்தைத் தள்ளுபடி செய்துவிடவில்லை.

புகாருக்கு முன் உங்கள் வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அறிய ஒரு காகிதத் துண்டு போதும். தண்ணீர் நின்று பத்து நிமிடம் கழித்து, வாரிய லைனில் இருக்கும் தோட்டக் குழாயிலிருந்து ஓஸைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து அதன் வாயில் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டால், வாளியை அங்கிருந்து எடுத்துவிட்டுப் பிளம்பருக்குப் போன் செய்யுங்கள்.