தழையுர விதை மானியமும் புளியறை வயல்களும்

செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயின் அடிவாரத்தில் அமைந்தது புளியறைக் கிராமம். இவ்வூர் நன்செய்களில் காரும் பிசானமுமாக நெல்லே சாகுபடியாகி வருகிறது. நெல்லின்மேல் நெல்லாகப் பயிரிடப்படும் நிலம் தன் சத்தை இழந்துகொண்டே வரும் என்பது குடியானவர்கள் அறிந்ததே. முற்காலத்தில் மலைக் காடுகளிலிருந்து தழை வெட்டி வந்து சேற்றில் மிதிப்பது வழக்கம். காடுகள் இப்போது பாதுகாக்கப்பட்டிருப்பதால், தழையை வயலிலேயே வளர்த்துக் கொள்வதுதான் எஞ்சியுள்ள வழி.

சர்க்கார் உதவி

இதன்பொருட்டுத் தமிழக அரசு, 2024-25-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்னும் திட்டத்தை ஏற்படுத்திற்று. அதன் ஒரு பகுதியாக, 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப்பயிர் வளர்க்க, ஏக்கருக்கு 20 கிலோ வீதம் விதையைப் பாதி விலையில் வழங்க ஏற்பாடாயிற்று.

செய்யும் முறை

பிசான அறுவடை முடிந்ததும், கோடை மழையின் ஈரத்தில் உழுது தக்கைப்பூண்டை விதைத்தல் வேண்டும். இது நீர் தேங்குவதையும் களர்த்தன்மையையும் தாங்கும். 40 முதல் 45 நாட்களில், பூக்கத் தொடங்கும் தருணத்தில், மடக்கி உழ வேண்டும். தாமதித்தால் தண்டு முற்றி, மக்குவதற்கு நாட்களாகும். வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால், கார் நடவுக்கு வேண்டிய யூரியாவும் குறையும்.

ஓர் எச்சரிக்கை: கோடையில் மாடுகள் அறுத்த தாளில் மேயும். ஒருவர் மட்டும் விதைத்தால் அவர் வயல் மேய்ச்சலுக்கு இரையாகும். ஒரு மடையின் கீழுள்ளோர் யாவரும் கூடி ஒரே வாரத்தில் விதைப்பது நலம்.

மானியம் யாரைச் சேர்வது?

நிலம் ஒருவர் பெயரிலும் உழவு வேறொருவர் கையிலும் இருக்குமிடத்தில், பட்டாவை மட்டும் நோக்கினால், உழைப்பவருக்கு விதை கிட்டாது. விதை வாங்கியவரோ உழுவதில்லை. மானியம் செலவாகும், மண் சீராகாது.

இது புதிய சங்கடமன்று. அமெரிக்காவில் 1936-இல், மண்ணைக் காக்கும் பயிர்களை இடுவோர்க்குப் பணம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டபோது, நிலச்சொந்தக்காரர் அத்தொகையைத் தம் குத்தகையாளருடன் பங்கிட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. கணவாய்க்கு அப்பாலுள்ள கேரளத்தில், நெல்வயலை நெல்வயலாகவே வைத்திருப்போர்க்கு 2020-இல் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை ஏற்பட்டது. அங்கும், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தரிசாக விட்டவருக்கு அது கிடையாது. பிறரைக் கொண்டு பயிரிட்டாலும் போதும். நிலம் பயிரேற வேண்டும் என்பதே கருத்து.

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த இவ்வூர், ஒரே மலைத்தொடரின் இருபுறத்தும் நடப்பதை ஒப்பிட்டறியத்தக்க இடத்தில் இருக்கிறது.

செய்யத்தக்கவை

நிலச்சுவான்தார்கள் தம் குத்தகையாளர் விதை பெறுவதற்குச் சம்மதம் எழுதித் தருதல் வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென 1969-இல் ஏற்பட்ட சட்டத்தைக் குடியானவர்கள் பயன்படுத்திக் கொள்ளலாம். கிராம அலுவலர்கள் அடங்கல் எழுதும்போது வயலில் இறங்கிப் பயிரைப் பார்த்தே எழுதுவார்களாக. விதை வழங்கும் பருவத்தை வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே விசாரித்தறிதல் நன்று.

மானியம் விதையின் பாதி விலையை மட்டுமே தாங்குகிறது. மற்றப் பாதியையும், உழவையும், காவலையும் தருபவர் எவரோ, அவரைச் சேரும்போதுதான் அது மண்ணைச் சேரும்.