விழுந்த இடம் யாருடையது?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பூக்கடைக்குள் நிற்கிறீர்கள். காலடியில் உள்ள தரை கடைக்காரரின் பொறுப்பு. வாசலைத் தாண்டினால் அஞ்சடி. பெரும்பாலும் அது கட்டட உரிமையாளரின் நிலம், ஆனால் ஊரே நடக்கும் வழி. அதை அடுத்த கால்வாயும் நடைபாதையும் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றத்தின் பராமரிப்பில் உள்ளவை. சாலையைக் கடந்து மோனோரயில் நிலையத்தில் படியேறினால் அது ரயில் நிர்வாகத்தின் இடம். சில நிமிட நடையில் நான்கு பொறுப்பாளர்கள்.

இந்த நான்கில் எங்கே கால் வழுக்கி எலும்பு முறிந்தது என்பதை வைத்தே, இழப்பீட்டை யாரிடம் கேட்பது, எத்தனை ஆண்டுக்குள் கேட்பது, எதை நிரூபிப்பது என்பதெல்லாம் முடிவாகும். “பார்த்து நடந்திருக்கக் கூடாதா?” என்பதுதான் விழுந்தவர் காதில் விழும் முதல் வார்த்தை. சட்டமும் அதைக் கேட்கும். ஆனால் அதற்கு முன் அது கேட்பது வேறு: இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு அந்த ஆபத்து தெரியுமா? தெரியாவிட்டாலும், தெரிந்திருக்க வேண்டுமா? அதைச் சரிசெய்ய என்ன செய்தார்?

நூற்றைம்பது ஆண்டுப் பழைய விதி

தீபகற்ப மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த பொதுச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தது. அதற்கு அடுத்த ஆண்டே இங்கிலாந்து தன் பழைய விதிகளைக் கைவிட்டுப் புதுச் சட்டம் இயற்றிக்கொண்டது. நமக்கு வாய்த்தது பழையதுதான்.

அந்தப் பழைய விதி ஓர் இடத்துக்குள் வருபவர்களை நான்காகப் பிரிக்கிறது. பணம் கட்டி நுழைபவர், உரிமையாளருக்கு ஆதாயம் தரும் வேலையாக வருபவர், அனுமதியோடு சும்மா வருபவர், அத்துமீறி நுழைபவர். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தவர் முதல் வகை. பேரங்காடிக்குச் சாமான் வாங்கப் போனவர் இரண்டாம் வகை. வீட்டுக்கு வரும் விருந்தாளி, வியப்பாக இருந்தாலும், மூன்றாம் வகைதான். முதல் இருவருக்கும் பாதுகாப்பு அதிகம். மூன்றாமவருக்கு, உரிமையாளருக்குத் தெரிந்த மறைவான ஆபத்தை எச்சரித்தால் போதும். கோயில் மண்டபத்தில் சிந்திய எண்ணெயில் வழுக்கி விழுந்த பக்தர் எந்த வகை என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய கேள்வி.

இரண்டாம் வகைக்கான அளவுகோல் 1866இல் இங்கிலாந்தில் வந்த இண்டர்மோர் – டேம்ஸ் தீர்ப்பில் உருவானது. சர்க்கரை ஆலைக்குள் வேலையாக வந்த எரிவாயுத் தொழிலாளி, தடுப்பில்லாத திறப்பு வழியாகக் கீழே விழுந்தார். உரிமையாளர் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய அசாதாரண ஆபத்திலிருந்து இப்படி வருபவரைக் காக்க நியாயமான அக்கறை காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் இந்த நால்வகைப் பிரிவைக் கைவிட்டு, பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. நம் பாடநூல்களில் அது இன்னும் இருக்கிறது.

மஞ்சள் பலகை காப்பாற்றுமா?

“அவாஸ்! லந்தாய் லிச்சின்” என்ற மஞ்சள் பலகையை வைத்துவிட்டால் தப்பித்தோம் என்று பல கடைகள் நினைக்கின்றன. பலகை கடைக்காரருக்குச் சாதகமான ஆதாரம், சந்தேகமில்லை. ஆனால் ஈரத்தைத் துடைக்காமல், சுற்றிப் போக வேறு வழியும் விடாமல் பலகையை மட்டும் நட்டு வைத்தால் அது போதுமா என்று நீதிமன்றம் பார்க்கும்.

“நடக்கும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற அறிவிப்பின் வலிமை இன்னும் குறைவு. மெருகேற்றக் கொடுத்த கார் ஊழியர் கையில் சேதமான வழக்கில், சின் ஹூய் நான் என்ற பெயரால் 1995இல் பதிவான தீர்ப்பு, இப்படிப்பட்ட வாசகம் நிறுவனத்தின் கவனக்குறைவை மூடி மறைக்காது என்றது. 2018 டிசம்பரில் சிஐஎம்பி வங்கி – போர்க் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. வழக்குத் தொடுக்கும் உரிமையையே முற்றாகப் பறிக்கும் ஒப்பந்த விதி 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

மறுபக்கமும் உண்டு. கைப்பேசியைப் பார்த்தபடி நடந்திருந்தால், குடிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்கள் பங்குத் தவற்றுக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து வழக்கைத் தள்ளிவிடாது.

சில மணி நேரத்தில் மறையும் ஆதாரம்

நிரூபிக்கும் சுமை விழுந்தவர் மேல்தான். தரை காய்ந்துவிடும், உடைந்த ஓடு மாற்றப்படும், கேமராப் பதிவு சில நாள்களில் அழிந்து அதன்மேல் புதியது ஏறும். இங்கிலாந்தில் 1976இல் டெஸ்கோ கடையில் சிந்திய தயிரில் வழுக்கி விழுந்த பெண்ணின் வழக்கில், அது எவ்வளவு நேரம் தரையில் கிடந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தரையைக் கவனிக்கத் தங்களிடம் முறையான ஏற்பாடு இருந்ததைக் கடைதான் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதால் அவர் வென்றார். இங்கே அது கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல, வாதத்துக்கு உதவலாம்.

ஆகவே அன்றே செய்ய வேண்டியவை: விழுந்த இடத்தையும் காலணியின் அடிப்பகுதியையும் படம் எடுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் எண்ணையும் வாங்குங்கள். நிர்வாகத்தின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் கேளுங்கள். போலீஸ் புகார் செய்யுங்கள். கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்று எழுத்தில் கோருங்கள். மருத்துவரிடம் “விழுந்துவிட்டேன்” என்பதோடு நிறுத்தாமல், எங்கே, எதில் வழுக்கி விழுந்தீர்கள் என்று சொல்லுங்கள். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் இருப்பதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடுவார்.

மன்றத்தின் மண் என்றால்

தனியார் மேல் வழக்குத் தொடுக்க 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் 6 ஆண்டுகள் தருகிறது. கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம், கிள்ளான் அரச மாநகராட்சி மன்றம், அரசாங்க மருத்துவமனை போன்ற பொது அமைப்புகள் மேல் என்றால், 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதங்கள்தான். ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும்.

மன்றங்களுக்கு இன்னொரு கவசமும் உண்டு. 1993 டிசம்பர் 11இல் 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் சரிவு வழக்கில், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவைக் காட்டி அம்பாங் ஜெயா மன்றத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் விடுவித்தது. ஆனால் அந்தப் பிரிவு கட்டட அனுமதி, பரிசோதனை சார்ந்தது. மூடியில்லாத கால்வாயைப் பராமரிக்காத குறைக்கு அது தானாகக் கவசமாகாது. 2024 ஆகஸ்ட் 23இல் மஸ்ஜித் இந்தியா சாலையில் தரை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த 48 வயதுப் பெண்மணி 8 மீட்டர் ஆழக் குழிக்குள் மறைந்தார். 9 நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. நடைபாதைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அன்று எல்லார் வாயிலும் வந்தது.

எவ்வளவு கிடைக்கும்?

வலிக்கும் வேதனைக்குமான தொகையைப் பழைய தீர்ப்புகளையும், 2018இல் திருத்தப்பட்ட இழப்பீட்டுத் தொகுப்பையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். மருத்துவச் செலவுக்கு ரசீது வேண்டும். எதிர்கால வருமான இழப்புக்குக் குடிமைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் கணக்கு உண்டு: 30 வயதுவரை உள்ளவருக்கு 16 ஆண்டுகள், 31 முதல் 59 வயதுவரை, 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு 10 ஆண்டு. 2019 செப்டம்பர் வரை உச்சவரம்பு 55 வயதாக இருந்தது.

60ஐத் தாண்டியவருக்கும் சம்பளமில்லாமல் வீட்டைப் பார்க்கும் பெண்ணுக்கும் இந்த வகையில் ஒன்றும் கிடைக்காது. விழுந்தால் அதிகம் நொறுங்குவது முதியவர்களின் எலும்புதான் என்பதால், சட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே. இல்லத்தரசிகளுக்கு ஒரு வழி உண்டு: 2022 டிசம்பரில் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் இல்லத்தரசிகள் திட்டத்தில் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால், வீட்டு வேலையில் விழுந்தாலும் உதவி கிடைக்கும். வேலையிடத்தில் விழுந்த தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. அவர் பெர்கேசோவிடம் போக வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் விழுந்தாலும் அதுவே உதவும்.

100,000 ரிங்கிட்வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 10 லட்சம்வரை செஷன்ஸ் நீதிமன்றம். “ஜெயித்தால் பாதி எனக்கு” என்று மருத்துவமனைக் கட்டிலருகே வரும் ஆளை நம்பாதீர்கள். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் வெற்றியைப் பொறுத்த பங்குக் கட்டணத்தைத் தடைசெய்கிறது.

இடம் யாருடையது என்று தெளிவில்லாவிட்டால், அது மன்றத்தினுடையது என்றே வைத்துக்கொண்டு 36 மாதக் கணக்கில் ஓடுங்கள். தனியாருடையது என்று பின்னர் தெரிந்தால் நட்டமில்லை. ஆறு ஆண்டு இருக்கிறது என்று நம்பி நான்காம் ஆண்டில் வழக்கறிஞரைத் தேடிப் போனால், எவ்வளவு நியாயமான வழக்கும் நீதிமன்ற வாசலிலேயே நின்றுவிடும்.