நலமாயிருக்கும் நாளிலும் மருந்து

ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து 11 வயதுச் சிறுவனை அவனுடைய தாயார் எங்களிடம் அழைத்து வந்தார். பல மாதங்களாக நிற்காத வயிற்றுப்போக்கு, சாப்பிட்டதும் வரும் வயிற்றுவலி, விட்டுவிட்டு அடிக்கும் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தொக்கம் எடுத்துப் பார்த்ததையும், பூச்சி மருந்து கொடுத்ததையும் மறைக்கவில்லை. எழுந்து புறப்படும் நேரத்தில்தான், "ரெண்டு வருசமா அதே பள்ளிக்கூடச் சட்டையைத்தான் போடுதான் டாக்டர், இன்னும் சிறுசாகவே இல்ல" என்றார். நோயின் திசையை எங்களுக்குக் காட்டியது அந்தக் கடைசி வாக்கியமே.

இங்கே நாங்கள் சொல்லும் சிறுவன் ஒரே ஒரு குழந்தை அல்லன். எங்கள் பிரிவுக்கு வரும் பல குழந்தைகளின் அனுபவங்களை ஒருவனுடையவை போலத் தொகுத்துத் தருகிறோம்.

வளரும் வயதில் ஒரு குழந்தையின் உயரம் நின்றுவிட்டால் அதற்குக் காரணம் தேட வேண்டும். நாள்பட்ட குடல் அழற்சி நோய் அக்காரணங்களுள் ஒன்று. சில குழந்தைகளுக்கு வயிற்றுத் தொல்லை வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பே வளர்ச்சி குன்றத் தொடங்கிவிடுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், குடலின் உட்சுவரையே தாக்கிப் புண்ணாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. பெருங்குடலின் உட்பரப்பை மட்டும் பாதிப்பது பெருங்குடல் புண் அழற்சி. வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்தையும் பாதிக்கக்கூடியது கிரோன் நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதியையே அது பெரும்பாலும் தாக்குகிறது. நம் சிறுவனுக்கு வந்தது இதுதான்.

இதைக் கண்டறிவதில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குடல் காசநோயும் அதே இடத்தில், அதே போன்ற புண்களையும் காய்ச்சலையும் மெலிவையும் உண்டாக்கும். 1932-ஆம் ஆண்டு நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் 14 நோயாளிகளை ஆராய்ந்து, இது காசநோயன்று, வேறொரு நோய் என்று எழுதினர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கடந்தும், காசநோய் மிகுந்த நம் நாட்டில் அந்த ஐயம் நாள்தோறும் எங்கள் மேசைக்கு வருகிறது. கிரோன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் காசநோயைப் பரவச் செய்யும். ஆகவே உள்நோக்கிக் கருவியால் குடலைப் பார்த்து, திசுவை எடுத்துச் சோதித்த பின்னும் ஐயம் தீராவிட்டால், முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் புண் ஆறியுள்ளதா என்று மறுபடி பார்க்கிறோம். இச்சிறுவனுக்கு ஆறவில்லை. "மூணு மாசம் வீணாப் போச்சே" என்று அவனுடைய தந்தையார் வருந்தினார். அது வீணான காலமன்று. தவறான மருந்தால் வரவிருந்த ஆபத்தைத் தவிர்த்த காலம்.

அடுத்த சிகிச்சை மாத்திரையன்று, உணவு. எல்லாச் சத்தும் அடங்கிய திரவ உணவை மட்டுமே 6 முதல் 8 வாரங்கள் கொடுத்தால், கிரோன் நோயுள்ள குழந்தைகளுள் பலருக்கு அழற்சி அடங்குகிறது. ஸ்டீராய்டுக்கு ஏறக்குறைய இணையான பயன் கிடைப்பதோடு வளர்ச்சியும் மீளுகிறது. ஆனால் வீட்டில் மீன்குழம்பு கொதிக்கும்போது ஒரு குழந்தை கோப்பைத் திரவத்தோடு அமர்ந்திருப்பது எளிதன்று. அந்த வாரங்களில் அவனுடைய தாயாரும் அவன் கண்முன்னே எதையும் உண்ணாமல் பார்த்துக்கொண்டார். அழற்சியை அடங்கியே வைத்திருக்க அசாத்தியோபிரின் மாத்திரையையும் தொடங்கினோம். வயிற்றுப்போக்கு நின்றது, எடை கூடியது, அவன் பள்ளிக்குத் திரும்பினான்.

இடர் அதன் பிறகே வந்தது. ஓராண்டு நலமாக இருந்தவனைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கான், பிள்ளைக்கு எதுக்கு இன்னும் மருந்து?" என்று ஆச்சி கேட்டார். அன்பால் கேட்ட கேள்விதான். மாத்திரை நின்றது. சில மாதங்களில் அவன் மீண்டும் மெலிந்து, காய்ச்சலோடு வந்து எங்கள் வார்டில் படுத்தான்.

பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே. இந்நோய் இன்றைய மருத்துவத்தால் அடங்கும், அடியோடு நீங்குவதில்லை. குழந்தை நலமாயிருப்பது மருந்து தேவையில்லை என்பதற்கு அடையாளமன்று. மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அடையாளம். வலி இல்லாத நாட்களிலும் குடலில் அழற்சி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கலாம். அப்படியே விட்டால் குடல் சுருங்கி அடைபடலாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். மலத்தில் கால்புரோடெக்டின் அளவைச் சோதிப்பது இதற்காகத்தான். அசாத்தியோபிரின் உட்கொள்ளும் குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை நாளையும் தவறவிடலாகாது. ஸ்டீராய்டு எடுத்துவரும் குழந்தைக்கு அதை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்து நம் விருப்பமின்றியும் நின்றுபோகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்கள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. தாமிரபரணிக் கரையின் பல ஊர்களுக்குச் சாலையே இல்லாமற்போயிற்று. அத்தகைய நாட்களில் மருந்துக்கடைக்குச் செல்ல வழியில்லை. ஆகவே எப்போதும் இரண்டு வாரத்திற்கான மருந்து கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். அதை மருந்துச் சீட்டின் நகலோடு, நீர் புகாத உறையிலிட்டு, உயரமான இடத்தில் வையுங்கள். ஊசி மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டியவர்கள், மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று எங்கள் செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வெள்ளக் காலத்தில் கொதிக்க வைத்து ஆறிய நீரையே கொடுங்கள்.

உணவைப் பற்றியே பெற்றோர் மிகுதியாகக் கேட்கின்றனர். இந்நோய் நீங்கள் ஊட்டிய எதனாலும் வந்ததன்று. ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று. நோய் அடங்கியிருக்கும்போது சோறு, இட்லி, மீன், முட்டை, வாழைப்பழம் என வீட்டு உணவையே உண்ணலாம். குடல் சுருங்கியிருப்பதாக நாங்கள் சொல்லியிருந்தால் மட்டும், பனங்கிழங்கு, கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை போன்ற நார்ப்பொருள்களை விலக்குங்கள். வலிக்கு ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். அவை குடற்புண்ணைத் தூண்டலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தெடுக்கும் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போடுவதற்கு முன்பும் எங்களைக் கேளுங்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் அவர்களுக்கு ஆகா.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். வகுப்பில் கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்க வெட்கப்பட்டு, காலை உணவையே விட்டுவிடும் குழந்தைகளைப் பார்க்கிறோம். உண்ணாத குழந்தை வளராது. அனுமதி கேளாமலே எழுந்து செல்லவும், கதவருகே அமரவும் வேண்டித் தலைமை ஆசிரியருக்கு நாங்கள் கடிதம் தருகிறோம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு வாரத்திற்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் மலப்போக்கு, ஆசனவாய் அருகே சீழ், காரணமற்ற மெலிவு, நின்றுவிட்ட உயரம் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் தாமதியாமல் குழந்தையை அழைத்து வாருங்கள்.

மீண்டும் மருந்தைத் தொடங்கிய சிறுவன் இப்போது மூன்று மாதத்திற்கு ஒருமுறை வருகிறான். வந்ததும் நேராக உயரம் அளக்கும் பலகையின்கீழ் போய் நின்றுகொள்கிறான். சென்ற முறை, புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாக அவனுடைய தாயார் சொன்னார். மாத்திரை உறையையும் நாங்கள் கேட்காமலே எடுத்துக் காட்டினார். அதில் ஒரு நாளும் தவறவில்லை.