வளை தேடும் நாய்

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் வளர்க்கும் சின்ன நாய் என்றால் நெடுங்காலமாகப் பொமரேனியன்தான். இப்போது குட்டி விற்கும் விளம்பரங்களில் ஜக் ரசல் டெரியரும் தலைகாட்டுகிறது. வெள்ளை உடல், காதிலும் கண்ணைச் சுற்றியும் மண்ணிறத் திட்டு, தோளுயரம் 25 முதல் 30 சென்ரிமீற்றர், எடை ஐந்தாறு கிலோ. ஒரு கையால் தூக்கிவிடலாம். சின்ன நாய்தானே, முற்றத்தில் ஓடித் திரிந்தால் போதும் என்று நினைத்து வாங்குகிறார்கள். சில மாதங்களில் மதிலடி முழுக்கக் குழி விழுகிறது. குரைப்புத் தாங்காமல் அயல்வீட்டுக்காரர் முறையிடுகிறார். கடைசியில் நாயைச் சங்கிலியில் கட்டுகிறார்கள். இந்த இனத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கொடுமை அதுதான்.

இந்த இனத்துக்குப் பெயர் வந்தது ஜோன் ரசலால். அவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த பாதிரியார். 1795இல் பிறந்து 1883இல் மறைந்தவர். நரிவேட்டையில் தீராத மோகம் கொண்டவர். ஒக்ஸ்போர்டில் படிக்கிற காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து ‘டிரம்ப்’ என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார். அவர் வளர்த்த டெரியர் வழி அதிலிருந்துதான் தொடங்கியது. அந்த நாய்களுக்கு அவர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பெரிய வேட்டைநாய்கள் நரியைத் துரத்தும், நரி வளைக்குள் புகுந்துவிடும். அங்கே பெரிய நாய்களால் ஒன்றும் செய்ய முடியாது. டெரியர் உள்ளே நுழைந்து, நரிக்கு முன்னால் நின்று குரைத்து, அதை வெளியே கிளப்ப வேண்டும்.

அந்த வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குதிரைகளோடு மணிக்கணக்காக ஓடக் கால் வேண்டும். வளைக்குள் புக ஒடுங்கிய மார்பு வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து அதை அளப்பார்கள். வழியில் மண் சரிந்து கிடந்தால் தோண்டத் தெரிய வேண்டும். மேலே நிற்பவர்களுக்கு இடம் தெரியும்படி ஓயாமல் குரைக்க வேண்டும். தன்னைவிடப் பெரிய விலங்கு பல்லைக் காட்டினாலும் பின்வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எசமானின் குரல் எட்டாத இருட்டில் தானே முடிவெடுக்க வேண்டும். தோண்டுகிறது, குரைக்கிறது, கூப்பிட்டால் வராது, பெரிய நாயோடும் சண்டைக்குப் போகிறது என்று வளர்ப்பவர்கள் சொல்லும் குறைகள் அத்தனையும் ஒருகாலத்தில் இந்த நாயின் தகுதிகள். அவற்றைப் பார்த்துத்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் குட்டி தெரிவு செய்தார்கள்.

இது வெறும் ஊகமில்லை. 2022இல் ‘செல்’ ஆய்விதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாயினத்து விலங்குகளின் மரபணுத் தரவையும், 46 ஆயிரம் நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் கொடுத்த விடைகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. டெரியர் பரம்பரையோடு சேர்ந்து வந்த குணமாக அவர்கள் கண்டது இரையைத் துரத்தும் வேகத்தை. ஓநாய் இரையைக் கண்டு, பதுங்கி, துரத்தி, கவ்வி, கொன்று, கிழித்துத் தின்னும். மனிதன் இந்தச் சங்கிலித்தொடரை இனத்துக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டியிருக்கிறான். ஆடு மேய்க்கும் நாயிடம் பதுங்கலும் துரத்தலும் கூர்மையாக இருக்கும், கடி இராது. டெரியரிடம் பதுங்கல் குறைவு. மணம் பிடித்ததும் பாய்ச்சல், கவ்வியதும் ஓர் உதறல். எலியின் கழுத்து அந்த உதறலிலேயே முறிந்துவிடும்.

ஆனாலும் இனத்தின் பெயரை வைத்து ஒரு குட்டியின் குணத்தை எழுதிவைக்க முடியாது. அதே ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பார்த்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் ஏறத்தாழ 9 வீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. மடியில் படுத்துக் கிடக்கும் ஜக் ரசலும் உண்டு. அப்படி ஒன்று கிடைக்கும் என்று நம்பி வாங்குவதுதான் பிழை.

பொதுவாக இந்த இனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது உடலசைவு வேண்டும் என்பார்கள். நேரத்தைவிட எதைச் செய்ய விடுகிறோம் என்பது முக்கியம். வீதியில் கயிற்றோடு நடத்திவிட்டு வந்தால் கால் களைக்கும், மூக்கும் மூளையும் களைக்காது. மாமர நிழலில் ஒரு மூலையை ஒதுக்கி மணல் கொட்டி, அதற்குள் உப்பில்லாமல் அவித்த ஈரல் துண்டைப் புதைத்துவிடுங்கள். பழைய கடகத்துக்குள் தும்பை நிரப்பி அதற்குள்ளும் ஒளித்துவைக்கலாம். தேடட்டும், கிண்டட்டும். கயிறு இழுக்கும் விளையாட்டும் நல்லது. தோண்ட ஓர் இடம் கொடுத்தால்தான் மற்ற இடங்களுக்கு விடிவு. புரட்டாசியில் போட்ட பனம்பாத்தி தையில் கிழங்கு கிண்டும்வரை தப்ப வேண்டுமென்றால் அதற்கு வேலியும் போட வேண்டும். கோழி வளர்க்கிற வீட்டில் இந்த நாயை நான் விடமாட்டேன்.

எங்கள் வெயில் தனிச் சிக்கல். நாய்க்குப் பாதங்களில் மட்டுந்தான் சொல்லத்தக்க வியர்வை உண்டு. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கடற்காற்றில் ஈரம் கூடிய நாளில் அதுவும் சரியாக நடக்காது. வேறு நாய் களைத்தால் தானாக நிழலில் படுக்கும். டெரியர் பந்தோ எலியோ முன்னால் இருக்கும்வரை நிற்காது. நிறுத்த வேண்டியவர் நீங்கள். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் தார் வீதியில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள். உடல் வெப்பம் 41 பாகை செல்சியசைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. முதலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

பின்வாங்காத குணம் இங்கே உயிரையும் எடுக்கும். குடாநாட்டில் நாகமும் புடையனும் சுருட்டை விரியனும் உண்டு. டெவனின் நரி வளைக்குள் காட்டிய அதே துணிச்சலை இந்த நாய் கல்லுக் குவியலுக்குள்ளும் காட்டும். விறகு அடுக்கையும் ஓலைக் குவியலையும் சுற்றி அதைத் தனியே விடாதீர்கள்.

எலி பிடிப்பது நன்மைதானே என்று கேட்கலாம். 2024 மார்கழியில், பெருமழை வெள்ளத்துக்குப் பின்னால், யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் கண்டு பலர் இறந்ததையும், அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானதையும் நாங்கள் மறக்கவில்லை. அந்த நோயின் கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் தங்கும். எலி பிடிக்கும் நாய்க்குத் தொற்றினால், நாயின் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் தொற்றலாம். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. கிருமியின் எல்லா வகைகளையும் அது தடுக்காது, ஆனாலும் ஆண்டுதோறும் போட வேண்டும். விசர் தடுப்பூசியோடு சேர்த்துக் கேட்டுப் போடுங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் வாய்க்கால் கரைக்கு நாயைக் கொண்டுபோகாமல் விடுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் மிருக வைத்தியப் பதிவுகளை வைத்து 2022இல் நாய்களின் ஆயுளைக் கணித்தார்கள். கணக்கெடுத்த 18 இனங்களில் முதலிடம் ஜக் ரசலுக்கு: 12.7 ஆண்டுகள். பத்து வயதிலும் இது காலையில் கயிற்றைக் கவ்விக்கொண்டு வாசலில் நிற்கக்கூடிய நாய். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போக, கடைசியில் முழங்கால் வலியோடு அம்மம்மாவும் நாயும் மட்டும் மிஞ்சுகிறார்கள். உங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கயிற்றைப் பிடிக்கப்போவது யார் என்று குட்டி பார்க்கப் போகுமுன் பேசி முடிவெடுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால், வெயிலுக்குப் பழகிய, இவ்வளவு ஓட்டம் கேட்காத ஊர் நாய்க்குட்டிகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் வீடு தேடிக்கொண்டு நிற்கின்றன.